பசுவுக்குப் போர்த்திய சேலை

பிழைக்க வந்த மலையாளத்து ஊரில், ஆரியசாலைக்குப் பின்னால், ஆற்றங்கரையில், எங்களுக்கு ஓர் ஓலை வீடும் ஒரு பசுவும் இருந்தன. சாலைக் கடைத்தெருவில் ஒரு டீக்கடைக்குப் பால் ஊற்றித்தான் பிழைத்தோம். எழுபதுகளில் ஓர் ஐப்பசி மழையில் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மேட்டுக்கு ஏறினேன். என் வீட்டுக்காரர் பசுவை அவிழ்க்கப் போவதற்குள் தொழுவத்துச் சுவர் அதன்மேல் விழுந்துவிட்டது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பால் கொடுத்த பசுவை வெறும் உடம்பாகப் புதைக்க மாட்டோம். கோடித்துணி போர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிடுவோம். கோடி வாங்க வழியில்லை. பரண்மேல் நனையாமல் இருந்த என் கல்யாணப் பட்டைக் கொடுத்தேன். தென்னை மூட்டில் புதைத்தார்.

மாடு போனவர்களுக்கு சர்க்கார் பணம் கொடுக்கிறது என்றார்கள். டீக்கடைக்காரர், "சீக்கிரம் ஒரு மாட்டைப் பிடியும்வே, இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம்.

வில்லேஜ் ஆபீசரும் பியூனும் வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பசு எவிடே அண்ணாச்சி?"

"புதைச்சாச்சு சாரே."

"பின்னே, பசு செத்துன்னு நான் எங்ஙனே எழுதும்? தோண்டிக் காட்டு."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "உள்ள போட்டீ" என்றார். நான் போகவில்லை. மண்வெட்டியை எடுத்தார். மழையில் ஊறின மண், சிரமமே இல்லை. முதலில் தெரிந்தது கொம்பு அல்ல, சேலையின் சரிகைக் கரை.

ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். "கொள்ளாமல்லோ, நல்ல காரியம்! பசுவுக்குப் பட்டோ!"

"என் வீட்டுக்காரிக்கே இப்படி ஒண்ணு இல்ல சாரே" என்று பியூன் சிரித்தான்.

"அது எங்க வழக்கம் சாரே. இவ கல்யாணச் சேலை..."

"பட்டைக் குழியில போடுறவனுக்கு சர்க்கார் பைசா எந்தினா? பாவப்பட்டவன்னு எழுதினா மேலே உள்ளவங்க என்னைச் சிரிப்பாங்க."

கதவுக்குப் பின்னால் நான் கட்டியிருந்தது கிழிசல். முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு உடுத்தியிருந்தேன். அந்தக் கிழிசலோடு ஆண்கள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? குழிக்குள் கிடந்த சேலையைப் பார்த்தவர் என் சேலையைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் குழிக்குள் பார்த்தபடியே கேட்டார்: "எடுத்து அலசித் தரட்டா?"

"வேண்டாம். அவளுக்குக் கொடுத்தது."

மண்ணைத் தள்ளி மூடினார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் கிடைத்தது. அவருடைய கிழட்டு எருமை வெள்ளத்தில் செத்தது. ஒரு சாக்குகூடப் போடாமல் ரோட்டோரம் அப்படியே விட்டிருந்தார். ஆபீசர் தூரத்தில் நின்றே எழுதிக்கொண்டு போனார். அந்தப் பணத்தில் நல்ல கறவையாக ஒன்று வந்தது. டீக்கடைக்குப் பால் ஊற்றுவதும் அவருக்கே போனது. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போனார்.

பிள்ளைக்குப் பால் வாங்க நான் செம்போடு அந்த வீட்டுக்குத்தான் போவேன். அந்த அம்மாள் ஊற்றிக்கொண்டே சொல்வாள்: "கொஞ்சம் தண்ணி சேத்திருக்கேன்க்கா. சின்னப் பிள்ளைக்கு அதுதான் நல்லது."

காசில் மட்டும் ஒரு பைசா குறைத்ததில்லை.