நூறு பேர் நிற்கும் மைதானம்

மூன்றாவது மாடி ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு, கீழே படியேறி வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் அக்கா. "அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு... அந்தக் குடைக்காரி அறுபத்தி மூணு." டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. நூறு வந்தால்தான் இடத்துக்கு வருவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் கெட்டது குடி. முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் என் பக்கத்து மேஜை அவருடையது. நான் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவள். அக்காவின் வேலை கணிப்பது. மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்த பெண்ணுக்கு, அது அக்குள் வரை பரவியிருக்குமா என்று அறுவைக்கு முன்பே கணித்துச் சொல்ல வேண்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த மாதிரிச் சின்னக் கணுக்கள் அக்குளிலும் உண்டு. நோய் ஊர் சுற்றக் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் தங்குவது அங்கேதான். கட்டியின் அளவு, வயது, ஸ்கேன், நுண்ணோக்கியில் செல்கள் தெரிகிற விதம் எல்லாவற்றையும் அக்கா கணினிக்குக் கொடுப்பார். நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும்.

சர்ஜனுக்கு அவர் ஜோசியர். "என்ன ஜோசியரே, இன்னைக்கு கிரகம் எப்படி?" என்று வாசலில் நின்று கேட்பார்.

"கிரகம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். உங்க கையெழுத்துதான் சரியில்ல."

எண் சர்ஜனோடு சரி. நோயாளியின் வீட்டார் தேடி வந்து கேட்டால் அக்கா கல்லுளிமங்கியாகிவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஆறுன்னு வந்தா, அதே மாதிரி நூறு பேர்ல ஆறு பேருக்குப் பரவியிருக்கும்னு அர்த்தம். எதிர்ல நிக்கிறவ அந்த ஆறுல ஒருத்தியா இல்லையான்னு மிஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்த வாயால சொல்றது, சொல்லு?"

அந்த நூறு பேர் அவருக்கு நிஜமாகவே நிற்கிறார்கள். பெரிய மைதானம், லேசான பனி, எந்தப் பக்கம் விடிகிறது என்று தெரியாத வெளிச்சம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒருத்தி செருப்பைக் கையில் வைத்திருக்கிறாள், ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். அக்கா அவர்களுக்கு நடுவே நடந்துபோவார். எண்ணைத் தாளில் எழுதியபின் கொஞ்ச நேரம் கண் அங்கேயே செருகிக் கிடக்கும். "வந்துட்டீங்களாக்கா?" என்றால், "இரு, இன்னும் ரெண்டு வரிசை பாக்கி" என்பார். அரைப் பைத்தியம் என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கென்னவோ அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே பிடிக்கும்.

போன மாதம் அவருடைய தங்கையின் தாள் வந்தது. பார்லர் வைத்திருக்கிறவள். காலையிலிருந்து மாலை வரை கத்தரிக்கோலோடு கை தூக்கியே இருக்க வேண்டிய தொழில். வலது பக்கத்துக் கட்டி. பரவியிருந்தால் அக்குள் கணுக்களை வழித்தெடுக்க வேண்டி வரலாம். அப்புறம் கை வீங்கிக்கொண்டு காலத்துக்கும் படுத்தலாம். அவளோ, "என் கை வீங்கிட்டா உன் நரைக்கு யாருக்கா சாயம் அடிப்பா?" என்று சிரித்தாளாம். அக்கா சிரிக்கவில்லை.

ஒன்பது என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். ஒன்பது. பிறகு அவர் செய்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கட்டியின் அளவை இரண்டு மில்லிமீட்டர் குறைத்தார். ஏழு ஆனது. அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பழைய அளவை எழுதி, ஒன்பது என்றே அனுப்பினார்.

"மைதானத்துல தேடினேன்டி," என்றார். "நூறு பேரும் இவளாவே நிக்கிறா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறுவை அன்று தங்கைக்கு முன்னால் இன்னொரு பெண். அவளுக்கும் ஒன்பதுதான் வந்திருந்தது. மேஜையில் படுத்திருக்கும்போதே, கட்டியிலிருந்து வடிகால் போய்ச் சேரும் முதல் கணுவை மட்டும் எடுத்து எங்கள் கூடத்துக்கு அனுப்புவார்கள். உறையவைத்துச் சீவிப் பார்த்து அரை மணியில் சொல்வோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கதைதான்.

முதல் பெண்ணின் கணுவில் நோய் இருந்தது. அக்கா சட்டென்று மூச்சு விட்டார். உடனே முகம் கறுத்துப் போனது.

"பாருடி, மனசு எவ்வளவு கேவலமா கணக்குப் போடுது. அவளுக்கு வந்துட்டா இவளுக்கு வராதுன்னு நெனச்சுட்டேன். அப்படியெல்லாம் கிடையாதுன்னு ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவ நான்."

தங்கையின் கணு வந்தபோது பகல் பன்னிரண்டு. எங்கள் கூடத்து டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. கடைசியில், "சுத்தமா இருக்கு" என்றார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு பேரும் கீழே ஓடினோம். அறுவைக்கூடத்துக்கு வெளியே தங்கை வீட்டுக்காரர் சேதி தெரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே எதிரே வந்தார். "அத்தாச்சி, கை தப்பிச்சுது!"

"அவளை வெளிய கொண்டுவர்ற வரைக்கும் நீங்க இங்கயே இருங்க மாப்பிள்ளை. நான் இதோ வரேன்."

நடையின் அந்தக் கோடியில் முதல் பெண்ணின் கணவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவியின் மூக்குக்கண்ணாடி அவர் கையில் இருந்தது. சர்ஜன் அவரிடம் பேசிவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தார். அக்கா அவரை நோக்கி நடந்தார். நடந்துகொண்டே, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.