திரைக்கு வெளியே நீட்டிய நாக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் நாங்கள் இருந்தபோது, கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க என் மகள் என்னிடம் சம்மதம் கேட்டாள். பெண்பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்ப எனக்குப் பயம். அன்று என் தங்கையும் அவள் கணவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"எங்கட ஆக்களுக்கு ஒண்டு ரெண்டு இடம் கிடைக்கிறதே பெரிய காரியம், மச்சான். அதையும் பொம்புளப்புள்ளைக்குக் குடுக்கவா? கலியாணம் முடிஞ்சா படிப்பு குசினி அடுப்போட சரி" என்றார் அவர்.

மகள் கதவருகே வந்து நின்றாள். "எங்கட ஆக்களெண்டா ஆம்புளையள் மட்டுமா, மாமா? போன மாரியில மாமிக்குக் காய்ச்சல் கண்டப்ப, ஆம்புள டொக்டர் மாமியப் பார்க்கக் கூடாதெண்டு திரைக்கு இங்கால நிண்டு நாக்கக் காட்டச் சொன்னாரு. மாமிக்குப் பதிலா நீங்கதானே உங்கட நாக்க நீட்டினீங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை அந்தக் காய்ச்சலில் மயிரிழையில் தப்பியவள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து தங்கை, அண்ணனான எனக்குக் குரல் கொடுத்தாள்: "அவள் படிச்சிட்டு வரட்டும், காக்கா. அவளுக்கு என்ட நாக்க நானே காட்டுறன்."

முதலில் சிரித்தவர் மச்சான்தான். என் பயம் போகவில்லை. ஆனாலும் மகளைப் பார்த்து, "எழுதிப் போடு, மகள்" என்றேன்.