லொறியில் ஏற்றக்கூடிய இன்டர்நெட்

எங்கள் வீட்டுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் வாப்பா முதலில் விலையைக் கேட்கமாட்டார். "லொறியில ஏத்தேலுமா?" என்றுதான் கேட்பார். அலுமாரி என்றால் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கதிரை என்றால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கதிரை. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒற்றைப் பையோடு வெளிக்கிட்டு, புத்தளம் வந்து, கரைத்தீவில் குடியேறிய மனுசன். ஒன்றையும் கொண்டுவர விடவில்லையே என்ற கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. திரும்பிப் போகும்போது ஒரு கரண்டியைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். யுத்தம் முடிந்ததும் அந்த வைராக்கியம் இன்னும் கூடிப்போனது.

சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். கலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். உம்மா ஆசையாக வைத்த மாங்கன்று பெயின்ட் வாளிக்குள்ளேயே நின்று, வளரவும் இல்லாமல் சாகவும் இல்லாமல் கிடந்தது. நானோ புத்தளம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் ஆணியும் சுத்தியலும் விற்கிறேன், சொந்த வீட்டில் ஒரு படம் மாட்ட வழியில்லை. இதைச் சொல்லி உம்மாவைச் சிரிக்க வைப்பேன். வாப்பாவுக்கு முன்னால் சொல்லமாட்டேன்.

அந்த வீட்டுக்குள்தான் இன்டர்நெட் எடுக்கிற கதை வந்தது. கேட்டவள், என்னை 'நானா' என்று கூப்பிடுகிற என் தங்கச்சி.

அவள் மதரசாவில் படித்து மௌலவியாவாக வெளியேறியவள். மதுரங்குளியிலிருந்து போய்க் கட்டாரில் குடியிருந்த ஒரு குடும்பம், தங்கள் மகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்திக் குர்ஆன் ஓதிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று தேடி, தங்கச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். பொழுது பட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் அவள் போனைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் சாய்த்துவைத்து முன்னால் உட்காருவாள். அந்தப் பக்கம் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பிள்ளை, தலையில் முக்காடு நிற்காமல் வழுக்க வழுக்க ஓதும். தங்கச்சிக்கு அது முதல் மாணவி. அந்தப் பிள்ளையைக் கடைசி சூரா வரைக்கும் தானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அது ஓதி முடிக்கிற நாளில் துஆவைத் தானே ஓத வேண்டும். வேறு எதையும் அவள் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்த காலம். வீட்டில் அவளை எல்லாரும் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும்தான் அவளைப் பார்த்துப் பயந்தது. அந்தப் பயம் அவளுக்குப் பிடித்திருந்தது.

போனில் போட்ட டேட்டா போதவில்லை, வகுப்பு நடுவில் அறுந்தது. வீட்டுக்கு ஒரு கனெக்ஷன் எடுப்போம் என்று முடிவானது. இரண்டு கம்பனிகள் இருந்தன. ஒன்று கம்பத்திலிருந்து வயர் இழுத்து, சுவரில் துளை போட்டு உள்ளே கொண்டுவரும். இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம். மற்றது ஒரு பெட்டி. கரண்டில் குத்தினால் போதும், டவரிலிருந்து சிக்னலை எடுத்துக்கொள்ளும்.

தங்கச்சி சும்மா கேட்கவில்லை. டவுனில் இருந்த தன் கூட்டாளி வீட்டுக்குப் போய், அங்கிருந்த வயர் கனெக்ஷனில் ஒரு நாள் வகுப்பு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

"வாப்பா, வயர் எண்டா குரல் உடையிறல்ல. பிள்ள மூச்சு வாங்குறதும் கேக்குது. அதையே எடுப்பம்," என்றாள்.

வாப்பா துளையைப் பற்றித்தான் கேட்டார். பிறகு இரண்டு வருடத்தைப் பற்றி.

"ரெண்டு வருசமா? அதுக்குள்ள நாங்க மன்னாருக்குப் போயிருவம் மகள். வயரைச் சுருட்டித் தூக்கிட்டுப் போகேலுமா? பெட்டி எண்டா பேக்ல போட்டுட்டுப் போயிரலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை விரித்துப் பெட்டி விற்றவர்களிடம் அவரே போய் வாங்கிவந்தார். பாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, திருப்திப்பட்டு வாங்கினார் என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

பகலில் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. பொழுது பட்டால் தொலைந்தது. கரைத்தீவு முழுக்க எங்களைப்போல் வந்தவர்கள், எங்களைப்போலவே யோசித்தவர்கள். வீட்டுக்கு வீடு பெட்டி. மஃரிபுக்குப் பிறகு எல்லாப் பெட்டியும் அந்த ஒரே டவரைப் பிடித்து இழுக்கும். வாப்பா எங்கள் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்தார், ஜன்னலில் வைத்தார், களப்புத் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக் கட்டித் தொங்கவும் விட்டார். நோயாளியைப் பார்ப்பதுபோல் அதன் லைட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேறு யாராவது என்றால் சமாளித்திருப்பார்கள். தங்கச்சியின் பிடிவாதம் வேறு மாதிரி. காதில் விழாத ஓதலுக்குச் சரி சொல்லமாட்டாள். ஸீனா ஸ்வாதா, எந்த எழுத்து என்று தெளிவாகக் கேட்கும்வரை அந்தப் பக்கத்தைத் தாண்ட விடமாட்டாள். பிள்ளை சரியாகத்தான் ஓதியிருக்கும், பெட்டி அதைக் கிழித்துத் துண்டு துண்டாகத் தரும். "திரும்ப ஓதுங்க," என்பாள். பிள்ளை ஓதும். குரல் மறுபடி உடையும். "இன்னொருக்கா." ஒரு நாள் அந்தப் பிள்ளை, "நான் பிழையா ஓதலயே டீச்சர்," என்று சொல்லி அழத் தொடங்கியது. அழுகை மட்டும் ஒரு சொட்டுக் குறையாமல் வந்து சேர்ந்தது.

"கொஞ்சம் விட்டுப்பிடியேன்," என்றேன் நான்.

"அல்லாஹ்ட வேதம், நானா. கேக்காம எப்பிடிச் சரி எண்டு சொல்லுற?"

நான் எழும்பிப் போய்ப் பெட்டியை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிவைத்தேன்.

கொஞ்ச நாளில் பிள்ளையின் தாய் பேசினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளைக்கு ஓதுவதில் வெறுப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அங்கேயே ஒரு மௌலவியா கிடைத்திருக்கிறார், குறை நினைக்கவேண்டாம் என்றார். குர்ஆனில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். தங்கச்சி, "பரவால்ல, பிள்ளைக்கு என்ட ஸலாத்தைச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மஃரிபுக்குப் பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. உம்மாவோடு இருந்து வெங்காயம் உரித்தாள்.

அதற்குப் பிறகும் நாங்கள் மன்னாருக்குப் போய்விடவில்லை. அங்கே காடு வெட்டித் துப்புரவாக்கிய எங்கள் பழைய வளவில் ஒரு அறையைக் கட்டி முடிக்கவே காலம் இழுத்தது. கரண்ட் கிடைத்த பிறகு வாப்பாவும் நானும் இரண்டு கிழமை தங்கி வரப் போனோம். வாப்பா உடுப்புக்கு முதல் பெட்டியைத்தான் பேக்கில் வைத்தார், துவாய்க்குள் சுற்றி.

அங்கே போய்க் குத்தினால் சிவப்பு லைட். எவ்வளவு நேரம் பார்த்தாலும் சிவப்பு. கம்பனிக்கு எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை தமிழில் பொறுமையாகச் சொன்னாள்: பெட்டி எந்த விலாசத்துக்கு எடுத்ததோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், வேறு ஊரில் பாவிக்க முடியாது. வாங்கும்போது நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமானைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யார் கேட்பார்கள்?

வாப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"மகள், நாங்க புத்தளம் ஆக்கள் இல்ல. இதுதான் எங்கட ஊர். அங்க சும்மா தங்கியிருக்கிறம்."

"எவ்வளவு காலமா சேர் அங்க தங்கியிருக்கிறீங்க?"

அவள் குத்திக் கேட்கவில்லை, உதவி செய்யத்தான் கேட்டாள். வாப்பா போனை என்னிடமே தந்துவிட்டு, வெளியே போய் வளவுக்குள் நின்றார். இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தங்கச்சியின் வகுப்பு போனதில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வடிந்துபோனது. கோபம் போனதும் மிச்சம் இருந்தது கவலை மட்டும்தான். கோபமே பரவாயில்லை என்று இருந்தது.

கரைத்தீவுக்குத் திரும்பிய கிழமையே வயர் கம்பனிக்கு அவராகவே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். ஆட்கள் வந்து சுவரில் துளை போட்டபோது பக்கத்தில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். சுவரிலிருந்து உதிர்ந்த மண்ணையும் அவரே கூட்டினார். அன்று மஃரிபுக்குப் பிறகு நான் போனில் ஒரு குர்ஆன் கிராஅத்தைப் போட்டுவிட்டேன். ஓதுகிறவர் மூச்சை உள்ளே இழுப்பதுகூடக் கேட்டது. வாப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"மகள், இஞ்ச வாங்க. இப்ப அந்தக் கட்டார்ப் பிள்ளைக்கு எடுங்க. இனி உடையாது."

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அது போன மாசம் ஓதி முடிச்சிட்டுது வாப்பா. உம்மாக்காரி படம் அனுப்பியிருந்தாங்க. வெள்ள உடுப்போட நல்ல வடிவா இருந்திச்சு."

வாப்பா தாடியைத் தடவினார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

"வயர் இவ்வளவு தெளிவா இருக்கும் எண்டு ஒரு ஆளாவது எனக்குச் சொல்லியிருந்தா..."

"நான் சொன்னன் வாப்பா," என்றாள் தங்கச்சி.

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அடுப்பில் கறி இருந்தது, திரும்பிப் போய்விட்டாள்.