மீன் பெயர் வைத்த சுவிட்சுகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இருந்த அந்தக் கம்பெனியில் பதினொரு சுவிட்சுகள் இருந்தன. சுவிட்ச் என்றதும் விளக்குப் போடுகிற சாமானை நினைக்கவேண்டாம். நூறு கொம்பியூட்டர்களின் கதையை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புகிற இரும்புப் பெட்டி அது. எந்த வயர் எந்தப் பெட்டிக்குள் நுழைந்து எங்கே வெளிவருகிறது என்பதெல்லாம் பன்னிரண்டு வருடமாக இராசதுரையின் தலைக்குள் கிடந்தது.

வேறு நாட்டிலென்றால் ஒவ்வொரு பெட்டியிலும் அது இருக்கும் இடத்தின் பெயரை எழுதி ஒட்டுவார்கள். இராசதுரை ஒட்டவில்லை. பிறந்த இடம் கட்டைபறிச்சான், அதாவது புலிகளின் பக்கத்து ஊர், என்று அடையாள அட்டையில் உள்ள ஒரு தமிழன், 'ஜெட்டி', 'நேவி கேற்' என்று எழுதிக் கோடு கீறிய கடதாசியோடு இந்தச் சண்டைக்காலத்தில் ஆமியிடம் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் பெட்டிகளுக்கு மீன் பெயர் வைத்தார். கப்பல் அணையும் ஜெட்டியில் இருந்தது பாரை, களஞ்சியத்தில் சூடை, நேவியின் வாசல் கேற்றடியில் திருக்கை. அவரோடு வேலை செய்த கிண்ணியா ஸஹாப்தீனுக்கு மட்டும் அது தெரியும். முப்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "அண்ணன், திருக்கை மூச்சு விடுதில்ல" என்று அவர் வந்து சொன்னால் இருவருமாக ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு கொழும்பிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. பெரிய வலையமைப்புகளில் சுவிட்ச் வேலை செய்பவர்களுக்கு உயர்நிலைப் பயிற்சி, ஐந்து நாள். ஏழு வருட அனுபவம் உள்ளவர்கள் மட்டும் வரலாம். அதை முடித்தவருக்குத்தான் புதிதாக வரும் பொறுப்பாளர் பதவி என்று மனேஜர் சொல்லிவிட்டார். பதவி ஒரு பக்கம். போட்டோக்கொப்பி எடுத்த புத்தகங்களைத் தனியே இருந்து படித்த மனிதனுக்கு, தன் வேலை விளங்கிய ஒருவரோடு ஐந்து நாள் இருந்து கதைக்கவேண்டும் என்பதுதான் பெரிய ஆசை.

வருகிறவர்கள் தங்கள் அலுவலக வலையமைப்பைப் படமாகக் கீறிக்கொண்டு வரவேண்டும் என்றும் அதில் இருந்தது.

"அங்க போய்க் கீறினால் என்ன? உங்களுக்கு எல்லாம் மனப்பாடம்தானே?" என்று மனைவி கமலேஸ்வரி கேட்டார்.

"எல்லாரும் கீறிக்கொண்டு வர, நான் வெறுங்கையோட போய் இருக்கிறதே?"

ஆசை கண்ணை மறைத்தது. இரண்டு நாள் மெனக்கெட்டு, அடிமட்டம் வைத்து, இடப்பெயர் ஒன்றுகூட இல்லாமல் மீன் பெயர்களை மட்டும் போட்டுக் கீறினார். மிக அவதானமாக நடந்துகொண்டதாக நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் பையைக் கொட்டினான். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் அதிகாரி படத்தை விரித்துப் பிடித்தார்.

"பாரையில இருந்து திருக்கைக்கு ரெண்டு கோடு. பக்கத்தில நம்பர். இது என்ன?"

"எங்கட ஒஃபிஸ் நெற்வேர்க், சேர்."

"ஒஃபிஸ் எண்டால் ஏன் ஒஃபிஸ் பேர் இல்லை?"

அதற்கு என்ன சொல்வது? உங்களுக்குப் பயந்துதான் என்று சொல்ல முடியுமா? ஜெட்டி என்று எழுதியிருந்தால் துறைமுகப் படம். எழுதாதபடியால் இரகசியக் குறிப்பு. எப்படி எழுதினாலும் அகப்படுகிறவனாகப் பிறந்து தொலைத்தால் யார்தான் என்ன செய்வது?

திங்கள் காலை அதிகாரி கம்பெனிக்குப் போன் எடுத்தார். ஆள் எங்கள் ஆள்தான், கடதாசியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று மனேஜர் பதில் சொன்னார். அந்த ஒரு வசனத்தில் இராசதுரை ஆறு நாள் உள்ளே இருந்தார். அடி விழுந்ததா என்று கமலேஸ்வரி பிறகு கேட்டபோது அவர் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆறாம் நாள் தொலைத்தொடர்பு தெரிந்த இன்னோர் அதிகாரி வந்து, படத்தைப் பார்த்துச் சிரித்து, விடச் சொன்னார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்குத்தான் பயிற்சியும் முடிந்தது. பயிற்சியில் ஒதுக்கிய இடம் வீணாகக்கூடாதென்று மனேஜர் திங்கள் பின்னேரமே ஸஹாப்தீனை அனுப்பியிருந்தார். அவருடைய மூன்று வருட அனுபவத்தை ஏழு என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

ஸஹாப்தீன் பயிற்சிப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"அண்ணன், அண்டைக்கு ஆமி போன் எடுத்த நேரம் மனேஜர் என்னட்டத்தான் கேட்டாரு, மீன் பேர் தெரியுமா எண்டு. தெரியாதெண்டு சொல்லிட்டன். ஓம் எண்டால் என்னையும் கொண்டுபோவாங்க எண்டு பயந்திட்டன்."

"உன்ர இடத்தில நானும் அதைத்தான் சொல்லியிருப்பன், தம்பி."

அது பெருந்தன்மையில் சொன்னதல்ல. உண்மையாகவே அப்படித்தான் சொல்லியிருப்பார். கோபிக்கக்கூட ஆளில்லாமல் போய்விட்டது.

ஸஹாப்தீன் பொறுப்பாளரானார். விளங்காததை இராசதுரையிடம் வந்து கேட்டார். இராசதுரை செய்து கொடுத்தார்.

அடுத்த வருடம் அதே பயிற்சி மறுபடி வந்தது. இந்த முறை இராசதுரையை அனுப்பவேண்டும் என்று ஸஹாப்தீனே எழுதிக் கொடுத்தார். மனேஜர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"கம்பெனிக் கடிதம், பொலிஸ் கடிதம் எல்லாம் எடுத்துத் தாறன். படமும் தேவையில்லையாம். போறீங்களா?"

இராசதுரை அறிவித்தலைக் கையில் வாங்கினார். என்னென்ன படிப்பிப்பார்கள் என்ற பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஒவ்வொன்றிலும் கேட்பதற்கு அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஆனால் கொழும்புக்குப் போவதென்றால் அந்தச் சென்றியைத் தாண்டித்தான் போகவேண்டும். அறிவித்தலை மடித்து மேசையில் திருப்பி வைத்தார்.

"ஏலாது, சேர்."

"ஏன்?"

"வீட்டில கொஞ்சம் கரைச்சல்."

வெளியே வந்து கதவைச் சாத்தியவர் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே மனேஜர் கதைப்பது கேட்டது.

"நீர் அவருக்காக எவ்வளவு கெஞ்சினீர். பார்த்தீரா? முன்னேற விருப்பமில்லாத ஆள்."

"ஓம், சேர்" என்றார் ஸஹாப்தீன்.