பாண்டா மண்டபத்து வாசலில் கழற்றிய சப்பாத்து

வெள்ளிக்கிழமை, 14 மார்ச் 2025, மாலை மணி 4.10. செங்டு, சீனா.

பயணக் குறிப்பு எண் 6: பாண்டாவின் முகம். (எண் 5-இல் 12ஆம் தேதி என்றது பிழை, 13 எனத் திருத்திக்கொள்ளவும்.)

இந்த வயதில் முதுகுப்பையா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் சிரித்தவர்கள் கவனிக்க: இன்று நானும் என் மனைவியும் பாண்டா சரணாலயத்துக்குப் போய்வந்தோம்.

கண்ணாடி மண்டபத்து வாசலில் சப்பாத்துப் படம் போட்ட சீனப் பலகை ஒன்று இருந்தது. நம் வழக்கப்படி கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனோம். பின்னால் வந்தவர்களும் எங்களைப் பார்த்துக் கழற்றினார்கள்.

உள்ளே பெருங்கூட்டம். குள்ளமான என் மனைவிக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

"ஏங்க, பாண்டா மூஞ்சியப் பாக்காம நான் வரமாட்டேன்."

"கொஞ்சம் பொறு லா. கூட்டம் நகரட்டும்."

"நகர்ற கூட்டமா இது? தைப்பூசம் மாதிரி நிக்குது!"

அப்போது காவலர் ஓடிவந்து சீனத்தில் கத்தினார். பக்கத்தில் நின்ற, நம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண் சிரித்துக்கொண்டே மலாயில் விளக்கினாள். தரை வழுக்கும் என்பதுதான் பலகையின் எச்சரிக்கையாம். சப்பாத்துக் குவியல் வழியை அடைத்துவிட்டதால் உடனே எடுக்க வேண்டுமாம்.

மண்டபமே வாசலுக்கு ஓடியது.

கண்ணாடி முன் என் மனைவி மட்டும் நின்றாள். மூங்கிலைக் கடித்தபடி பாண்டா அவளை நேருக்கு நேர் பார்த்தது.

"இங்க வாங்க! உங்க பெரியண்ணன் மூஞ்சி அப்படியே!"

நாங்கள் வெளியே வந்தபோது வலது சப்பாத்து என்னுடையது, இடது யாருடையதோ.

கழற்றியது தவறு என்போர் கீழே எழுதலாம். பதிலை என் மனைவி எழுதுவாள்.

இணைப்பு: பாண்டாவின் முகம், அதைப் பார்க்கும் மனைவியின் முகம், இடது கால் சப்பாத்து (உரியவர் தெரிவிக்கவும்).