லெட்சுமணன் ஷொக் மாற்றிய நாள்

எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாடகைக் கார் ஓட்டிய லெட்சுமணனைக் கேட்டால், தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பான். லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். தோட்ட வேலை பிடிக்காமல் மாத்தளை டவுன் கராஜ் ஒன்றில் சேர்ந்தான். எண்பத்து மூன்றில் தமிழரை அடித்த கலவரத்தில் அந்தக் கராஜ் எரிந்தபோது பின்னாலிருந்த சாக்கடைக் கானுக்குள் படுத்துத் தப்பினான். எண்பத்தொன்பதில் வந்தது வேறு கலவரம். பழைய டயர் கேட்டு ஆட்கள் வந்தார்கள். எதற்கென்று கேட்க அந்த நாளில் யாருக்கும் வாயில்லை, ஆளைப் போட்டு எரிக்கத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வைத்திருந்த டயர்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, இல்லை என்று கையை விரித்தான். நம்மவர்கள் இந்த நாட்டில் படித்த படிப்பு அவ்வளவுதான். எது கண்ணில் படவில்லையோ அது பிழைக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டில் அவனிடம் ஒரு கிழட்டு சன்னி கார் இருந்தது. குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஷொக் இரண்டிலும் எண்ணெய் ஒழுகி, ஸ்பிரிங்கும் தளர்ந்து, கார் பின்னால் குந்திக்கொண்டே ஓடியது. ஒவ்வொரு குழிக்கும் பின்சீட்டில் இருப்பவர் தலை கூரையில் முட்டும். அதைவிடப் பெரிய தொல்லை செக் பொயின்டில். பின்பக்கம் தாழ்ந்த காரைக் கண்டால் ஆமிக்காரன் சும்மா விடுவானா? உள்ளே என்ன பாரம் என்று டிக்கியைத் திறப்பான், சீட்டைப் பிடுங்குவான். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தால் இன்னொரு தடவை பிடுங்குவான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளியிருப்பான். மகள் யோகமலர்தான் காரணம். ஏற்கெனவே இரண்டு கரு தங்காமல் போன பிள்ளை. மூன்றாவது ஏழு மாதம் தாண்டி நின்றது. புருஷன்காரன் கொழும்பில் கடை வேலை, லீவு கிடைக்கவில்லை. கண்டி டொக்டர், உடம்பை அலுங்காமல் வைத்திருந்து திங்கட்கிழமை கொண்டுவந்து வார்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார். அலுங்காமல் கொண்டுபோக எல்கடுவ ரோட்டுக்கு எவன் சொல்லுவது?

டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஜவாஹிர் நல்ல ஷொக் இரண்டும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்வியும் கொடுத்தார். சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறப் போனவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பில்லைக் கையிலயே வெச்சுக்கங்க, லெட்சுமணன். பைப்பு மாதிரிச் சாமான், குண்டுன்னு புடிச்சிருவாங்க. காலம் சரியில்ல."

"சரி, நானா."

வழியில் பஸ்ஸை மறித்துச் சாக்கை அவிழ்த்தார்கள். பில்லைக் காட்டினான், விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லயத்துக் கோடியில் காரை ஜெக் போட்டுத் தூக்கி, ஜெக்கை நம்பாமல் மரக்கட்டை அண்டக் கொடுத்தான். பின்சீட்டைக் கழற்றினால்தான் மேல் நட்டுகள் கைக்கு எட்டும். கீழ் போல்ட் துருவேறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தான். கவ்வியை இரண்டு பக்கமும் ஒரே அளவாக முறுக்கி ஸ்பிரிங்கை அமுக்கினான். அது நழுவினால் ஆளையே அடித்துவிடும். பழைய ஷொக்கின் தண்டைக் கையால் அமுக்கிப் பார்த்தான், ஒரு தடையுமில்லாமல் உள்ளே போய் அங்கேயே கிடந்தது. இதிலா பிள்ளையை இவ்வளவு நாள் ஏற்றினோம் என்று அதை மண்ணில் வீசினான்.

பகல் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் முடிந்தது. டிக்கியில் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான். கார் ஒரு தரம் தாழ்ந்து, ஒரு தரம் எழுந்து, அடங்கியது. யோகமலர் வாசலிலிருந்து சிரித்தாள்.

"தொட்டில் மாதிரி ஆக்கிட்டீங்கப்பா."

அதோடு கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்னப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. கழற்றிய ஷொக்குகள் மண்ணில் கிடந்தன. எண்ணெய் வழியும் இரண்டு கறுத்த குழாய்கள். புதிதுக்குப் பில் இருந்தது, இதுக்கு என்ன இருக்கிறது? காருக்குள் வைத்தால் நாளைக்குச் செக் பொயின்டில் மாட்டும். வெளியே கிடந்தால் யாராவது பார்ப்பார்கள். பழைய படிப்பு வேலை செய்தது. மண்வெட்டியை எடுத்துப் போஞ்சிப் பாத்தியில் குழி வெட்டினான்.

மனைவி வேலம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதை எதுக்குங்க பொதைக்கிறீங்க? இரும்புக்காரன் வந்தா குடுக்கலாம்ல?"

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒன்னும் தெரியாது."

மேல் ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஊர்க்காவல்காரன் சைக்கிளை நிறுத்தி எல்லாவற்றையும் பார்த்தான். தமிழன் ஒருவன் குழாய்களைச் சாக்கில் சுற்றிப் புதைக்கிறான். வேறென்ன வேண்டும்?

அந்திக்குள் பொலிஸ் ஜீப் வந்தது. லயமே வெளியில் வந்து நிற்க, லெட்சுமணனையே தோண்ட வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் சாக்கை விரித்தார். கார் தெரிந்த மனுஷன் போல. கண்டதுமே சிரித்துவிட்டார். "இது ஷொக் அல்லவா?" என்று சிங்களத்தில் கேட்டார். லெட்சுமணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆமா மாத்தயா, காருக்கு மாத்தினது. பழசு."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு அடங்கியது.

"அப்போ எதற்குப் புதைத்தாய்?"

லெட்சுமணன் நன்றாகச் சிங்களம் பேசுவான். அதற்குப் பதில் சிங்களத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. உங்களுக்குப் பயந்து என்று உங்களிடமே எப்படிச் சொல்வது? அவன் வாயடைத்து நின்றதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. காரையும் ஆளையும் கொண்டுபோனார்கள். நாளைக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஜீப்புக்குள்ளிருந்து அவன் சொல்லிக்கொண்டே போனான்.

மறுநாள் யோகமலரைத் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். சாக்குகளை அடுக்கி, வேலம்மா மடியில் தாங்கிக்கொண்டு போனாள். கண்டி போய்ச் சேருமுன் வலி கண்டுவிட்டது. பொம்பிளைப் பிள்ளை. பால் குடிக்காமலே போய்விட்டது.

விசாரணை முடியவில்லை என்று லெட்சுமணனை மறியல் சிறையில் வைத்திருந்தார்கள். வேலம்மா பார்க்க வந்தபோது, நடந்ததைக் குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"லொறி குலுக்கினதால இல்லையாங்க. எதுல வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமாம். டொக்டர் சொன்னாரு."

லெட்சுமணன் அவள் முகத்தையே பார்த்தான். டொக்டர் உண்மையாகவே சொன்னாரா, இவனுக்காக அவளே வழியெல்லாம் யோசித்துக் கட்டிக்கொண்டு வந்தாளா? டொக்டர் சொல்லியிருந்தால், காருக்கு அடியில் கிடந்த அந்தப் பகல் முழுக்க வீண். சொல்லாவிட்டால், மண்வெட்டியை எடுத்தது இவன் கை. எதை நம்பினாலும் ஆறுதல் இல்லை. அவளிடமே கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

"யோகம் சாப்பிடுதா?" என்று கேட்டான்.

"சாப்பிடுது," என்றாள் வேலம்மா.

அதையும் அவனால் நம்ப முடியவில்லை.