பாட்சா பாய் பெயர் கூப்பிடும் நேரம்

பாட்சா பாய் மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இந்த ஒரு வரியை எழுதவே எனக்கு இப்போது தைரியம் தேவைப்படுகிறது.

சண்முகம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது கடை. ஆள் ஒல்லி. மருதாணி பூசிய தாடி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் சின்ன டிவி ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'விண்வாசல்' ஓடும்போது யார் வந்து நின்றாலும், "குந்து நைனா, கப்பல் வாசலைத் தாண்டட்டும்" என்பார். இப்படி வியாபாரம் செய்தால் எங்கே உருப்படுவது என்று நான் கேலி செய்வேன். ஆனால் கண்ணாடி பொருத்துவதில் அவர் கை சுத்தம். என் மூக்கில் இப்போது இருப்பதும் அவர் பொருத்தியதுதான்.

விண்வாசல் வெளிநாட்டுத் தொடர், தமிழில் டப்பிங் செய்து வருடக்கணக்காக ஓட்டினார்கள். கதாநாயகன் செம்பட்டை முடிக்காரன். அவனுக்கு கேப்டன் நிரஞ்சன் என்று பெயர் வைத்தது டப்பிங்காரர்களின் திருவிளையாடல். அவனுடைய கப்பல் வானத்தில் உள்ள வாசல்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் கப்பலில் ஒருவர் காணாமல் போவார். போனவரை மற்றவர்கள் அடியோடு மறந்துவிடுவார்கள். கேப்டன் மட்டும் மறக்க மாட்டான். அதனால் அவன் எல்லோருடைய பெயரையும் கூப்பிடுவான். இருப்பவர்கள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

தொடர் முடிந்ததும் பாய் கடையில் எங்கள் சபை கூடும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோத்தாத்ரி சார், பெருங்களத்தூரில் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கும் சுபத்ரா மேடம், நான், பாய். எதிரே உள்ள தனசிங் டீக்கடையிலிருந்து நாலு பேருக்கு ஐந்து டீ வரும். மிச்ச டீயை, "நம்ம போனஸ்" என்று தோத்தாத்ரி சார் குடித்துவிடுவார். ஏன் ஐந்து என்று யாருமே கேட்டதில்லை.

சண்டை எப்போதும் ஒன்றுதான். "கேப்டனுக்கு மறை கழண்டுபோச்சு. இல்லாத ஆளையெல்லாம் கூப்பிடறான்" என்பார் தோத்தாத்ரி சார்.

"அப்போ ஆளைவிடப் படுக்கை ஏன் சார் அதிகமா இருக்கு அந்தக் கப்பல்ல?" என்பார் சுபத்ரா மேடம்.

நான் தோத்தாத்ரி சார் கட்சி. பாய் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். "இன்னா சார் நீ? மறந்தவனுக்கு, மறந்துட்டோம்னு எப்டி தெரியும்?"

கலையும்போது பாய் கேப்டனைப் போலக் கட்டைக்குரலில் எங்கள் பெயர்களைக் கூப்பிடுவார். நாங்களும் அட்டென்ஷனில் நின்று "இருக்கேன்" என்போம். கழுதை வயதான பிறகு இந்தக் கூத்து. ஆனால் அதைச் சொல்லாமல் கலைந்தால் ஏதோ சாப்பிட்டுக் கை கழுவாதது போல இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறில், மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், எங்கள் பெயர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகும் பாய் நிறுத்தவில்லை.

"ஜெயக்கொடி!"

நாங்கள் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. நிலைக்கண்ணாடி முன்னால் கிடந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயக்கொடி எங்க? போன வாரம் வந்தானே?"

"யாரு பாய்?"

"பள்ளிக்கரணைக்காரன். சைக்கிள்ல வருவான். நாலு வருசமா இங்கதானே குந்தினு இருந்தான்!"

அந்த ஸ்டூலில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் நாங்கள் நின்றுகொண்டே பேசுவோமே தவிர, அதில் உட்கார மாட்டோம். ஏன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு பாய் பாதிக் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கரணைக்குப் போய், சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாக விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு அவர் மனைவி அக்தர் பேகம் கடைக்கே வந்துவிட்டார். பாயை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எங்களிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"நீங்க சொன்னா அவர் கேப்பாரு. அப்படி ஒருத்தர் இருந்தாரா, இல்லியா? இருந்தார்னா நான் வாயே திறக்கல. இல்லேன்னா ஆம்பூர்ல எங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வைத்தியம் பாக்கணும்."

பாயை வைத்துக்கொண்டே, இல்லை என்றோம். சத்தியமாக எங்களுக்குத் தெரிந்த உண்மை அதுதான். பாய் என்னைப் பார்த்தார். "தினகரு, உன் பக்கத்துலதானேடா குந்துவான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு தம்பி" என்றார் பாயம்மா. "அந்தப் பேர் கூப்பிடுற விளையாட்டு வேணாம். அதுதான் இவர் மண்டைக்குள்ள போயிடுச்சு."

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்குப் பெயர் கூப்பிடாமலேயே கலைந்தோம். பாய் வாயைத் திறந்து திறந்து மூடினார். அடுத்த ஞாயிறு கடை சாத்தியிருந்தது.

எனக்கு மட்டும் பழக்கம் விடவில்லை. காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது, பாய் பெயரையும் சேர்த்து, எல்லாப் பெயர்களையும் முணுமுணுப்பேன். மனைவி கேட்டால் சுலோகம் என்பேன்.

அடுத்த வருடம் விண்வாசல் முடிந்தது. கடைசி எபிசோடில் கப்பல்காரர்கள் கேப்டனைப் பைத்தியம் என்று ஓர் அறையில் அடைத்தார்கள். பெயர் கூப்பிட ஆளில்லாமல் கப்பல் வாசலைத் தாண்டியது. அப்புறம் அந்த அறையின் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை.

அன்றைக்கு நாங்கள் மூவரும் தனசிங் கடையில் சந்தித்தோம். "சொன்னேனா இல்லையா, பைத்தியம்னு?" என்று தோத்தாத்ரி சார் குதித்தார்.

"பாய் இருந்திருந்தா உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்" என்றேன்.

"எந்த பாய்?" என்றார் சுபத்ரா மேடம்.

"கண்ணாடிக் கடை பாய், மேடம்."

"எந்தக் கடை? நாம எப்பவும் இங்கதானே பேசுவோம்?"

விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எதிரே சந்துக்குள் கையைக் காட்டினேன். அங்கே செல்போன் கடை ஒன்று இருந்தது. தோத்தாத்ரி சார் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க ஏதுப்பா கண்ணாடிக் கடை?" என்றார். அதற்குள் தனசிங் டீ கொண்டுவந்து வைத்தார். மூன்று பேருக்கு நான்கு டீ.

"நம்ம போனஸ்" என்று தோத்தாத்ரி சார் கையை நீட்டினார்.

டீயைத் தொடாமல் எழுந்தேன். ஆட்டோ பிடித்துப் பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஏரிக்குப் பக்கத்தில் பாய் வீடு. நல்லவேளை, பாயம்மா இருந்தார். ஆம்பூரிலிருந்து எப்போது திரும்பினாரோ! வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"பாய் எப்படி இருக்கார் பாயம்மா?"

"எந்த பாய்?"

"உங்க வீட்டுக்காரர். பாட்சா பாய்."

அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. அன்றைக்குக் கடையில் பேசிய அதே குரலில், ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"எனக்குக் கல்யாணமே ஆகல தம்பி. உங்க வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா? நான் அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

வீட்டு நம்பரைக் கொடுக்காமல் ஓடி வந்துவிட்டேன். ஏரிக்கரையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நல்ல வெயில். துவைக்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் கேட்கும்படி, பெயர்களைச் சத்தமாகவே கூப்பிட்டேன். தோத்தாத்ரி. சுபத்ரா. பாட்சா பாய். ஜெயக்கொடி. முகம் தெரியாவிட்டால் என்ன, பாய் சொன்ன ஆள்.

ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நின்று கேட்டேன். கரையில் யாரும் திரும்பவில்லை.

கடைசியில் தினகரன் என்று கூப்பிட்டேன். என் பெயரைக் கூப்பிட இனி நான் மட்டும்தான். "இருக்கேன்" என்று அவசரமாகச் சொன்னேன்.